பாக்கி வசூலும் சட்டமும்: மதுரை வட்டாரச் சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கப்பலூர் தொழிற்பேட்டையிலோ கே. புதூரிலோ பட்டறை நடத்துபவர்களிடம் தொழில் நிலவரத்தைக் கேட்டால், ஆர்டர் வரவில்லை என்ற குறையைவிட, போன சரக்குக்குப் பணம் வரவில்லை என்ற குறையே முந்திக்கொண்டு வருகிறது. ரப்பர் வாஷரோ எவர்சில்வர் பாத்திரமோ அப்பளமோ சுங்குடிச் சேலையோ, எதுவானாலும் கடனுக்குக் கொடுத்தால்தான் சரக்கு நகரும் என்பது இங்கே எழுதப்படாத விதி. அந்தக் கடன் எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் வாங்குபவரே தீர்மானிக்கிறார். முப்பது நாள் என்று பேசியது தொண்ணூறாகி, தொண்ணூறு ‘தீபாவளி கழியட்டும், பார்க்கலாம்’ என்று நீளும்போது, உற்பத்தியாளர் வங்கியில் வாங்கிய கடன் போதாமல் வெளியிலும் வட்டிக்கு வாங்குகிறார். கந்துவட்டியைத் தடைசெய்யும் மாநிலச் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்தே நடப்பில் இருந்தும், சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவருக்கு அது நினைவுக்கு வருவதில்லை. ஆக, பெரிய நிறுவனத்தின் நடைமுறை மூலதனத்துக்கு வட்டி கட்டுபவர், அதற்குச் சரக்குப் போட்ட சிறு பட்டறைக்காரர்தான்.

பொருளாதார வளர்ச்சியில் சட்டத்துக்கு என்ன பங்கு என்ற பெரிய கேள்வியை இந்த இடத்தில் நின்று பார்ப்பது நல்லது. கீழமாசி வீதியின் மொத்த வியாபாரம் பல தலைமுறைகளாக வாய்ச்சொல்லில் நடந்து வந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் அறிவார்கள். ஏமாற்றியவரின் பெயர் மறுநாளே வீதி முழுக்கப் பரவிவிடும். உறவின்முறைக்கும் வியாபாரிகள் சங்கத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். செலவில்லாத, விரைவான அந்த ஏற்பாட்டை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அது தெரிந்தவர் வட்டத்தோடு நின்றுவிடுகிறது. சூரத்திலோ புனேயிலோ இருக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கு லோடு அனுப்பி, அவர் பணம் தராவிட்டால் யார் வாங்கித் தருவார்கள் என்ற கேள்விக்கு ஊரிடமும் உறவிடமும் விடை கிடையாது. விடை இல்லாத இடத்தில் உற்பத்தியாளர் ஆர்டரையே மறுக்கிறார், அல்லது வராமல் போகக்கூடிய பாக்கியையும் சேர்த்து விலை சொல்கிறார். 1993இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற டக்ளஸ் நார்த்தும் ஏறத்தாழ இதையே வாதிட்டார்: ஒப்பந்தத்தைக் குறைந்த செலவில் நிறைவேற்றித் தரும் அமைப்புகள் இல்லாததே பல நாடுகள் தேங்கிக் கிடப்பதற்கு முதன்மையான காரணம் என்பது அவர் முடிவு. உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவில் ஓர் ஒப்பந்தத்தை நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற 1,445 நாட்கள் ஆவதாகக் கணக்கிட்டது. அது டெல்லி, மும்பை நிலவரத்தை வைத்துப் போட்ட கணக்கு; தரவுக் குளறுபடிகள் வெளிப்பட்டதால் அந்த அறிக்கை வரிசையே 2021இல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் நீதிமன்றப் படி ஏறிய எவரும் அந்த எண்ணைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

இந்த நீண்ட பாதையைச் சுருக்குவதற்காகவே, குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் கொண்டுவரப்பட்டது. அதையும் அதற்குத் துணைநிற்கும் மற்றச் சட்டங்களையும் எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதே இங்கே பேச்சு. சட்டம் ஒருவருக்கு உதவுமா என்பது வழக்குப் போடும் நாளில் தீர்மானமாவதில்லை. பெரும்பாலும் சரக்கு இறங்கும் நாளிலேயே, அப்போது எழுதப்பட்ட அல்லது எழுதாமல் விடப்பட்ட காகிதத்தால் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வழக்குக்கு முந்தைய வேலையைப் பற்றியதாகவே இருக்கும்.

பதிவுகள்: ஆர்டருக்கு முன்பே

முதல் வேலை, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவு முழுக்க இணையவழியில், ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் கொண்டு, உரிமையாளரே செய்துகொள்ளக்கூடியது. அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசுடையது அன்று. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர தளவாட முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். 25 கோடிக்குள்ளும் 100 கோடிக்குள்ளும் இருந்தால் சிறு நிறுவனம். பாக்கி வசூலுக்கான பாதுகாப்பு இந்த இரண்டு வகையினருக்கு மட்டுமே உண்டு. நடுத்தர நிறுவனம் விற்பவராக இருந்தால் கிடையாது. வாங்குபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அரசுத் துறையாகவோ பொதுத்துறை நிறுவனமாகவோ இருந்தாலும், சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும்.

பதிவு எப்போது செய்தோம் என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். ஒப்பந்தம் ஏற்பட்டபோதே பதிவு இருந்திருக்க வேண்டும், பிறகு செய்த பதிவு பழைய பாக்கிக்குப் பின்னோக்கிப் பாயாது என்று உச்சநீதிமன்றம் 2021இலும் 2022இலும் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வேறோர் அமர்வு இதில் ஐயம் எழுப்பி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த விவாதத்தில் நம் பாக்கியை மாட்டிவிடாமல் இருக்க, முதல் ஆர்டரை ஏற்பதற்கு முன்பே பதிவை முடித்துவிடுவதுதான் வழி. சில பெரிய நிறுவனங்கள், ‘பதிவை ரத்து செய்தால்தான் ஆர்டர்’ என்று சிறு உற்பத்தியாளர்களிடம் பேசிப் பார்ப்பதுண்டு. அப்படிக் கேட்பவர், சட்டம் விதிக்கும் 45 நாள் கெடுவுக்குள் பணம் தரும் எண்ணம் தமக்கு இல்லை என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாங்கி விற்பவர்களுக்கும் 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு தரப்படுகிறது. ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே என்று அரசாணையே சொல்கிறது. பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாலும், மொத்த வியாபாரி அதை வைத்துத் தாமதத் தொகைக்கு மனுப் போட முடியாது. மதுரை போன்ற ஒரு வியாபார நகரத்துக்கு இது பெரிய குறை என்பதே என் கருத்து. அதே பணத்தட்டுப்பாடு விற்பவருக்கும் உண்டு, செய்பவருக்கும் உண்டு. வியாபாரிகளுக்கான வழிகள் பின்னால் வருகின்றன.

அடுத்தது கூட்டு வணிகப் பதிவு. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து நடத்தும் நிறுவனங்களில் பங்குதாரர் பத்திரம் எழுதி, பான் எண் வாங்கி, வங்கிக் கணக்கும் தொடங்கிவிட்டுப் பதிவை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பதிவு கட்டாயமில்லை என்று ஆடிட்டர் சொல்லியிருப்பார், அது உண்மைதான். ஆனால் 1932ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, பதிவு பெறாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. வழக்குப் போட்ட பிறகு பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது இதைத்தான். பங்குதாரராக ஒருவர் சேர்ந்தாலோ விலகினாலோ இறந்தாலோ, அந்த மாற்றத்தையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உடனே ஏற்றிவிட வேண்டும். வழக்குப் போடும் நாளில் பங்குதாரர்களாக இருப்பவர்களின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவின் நிபந்தனை.

சரக்கு இறங்கும் நேரம்

ஒரு காட்சியைக் கண்முன் கொண்டுவந்து பார்க்கலாம். மினி லாரி கடை வாசலில் நிற்கிறது. சுமை இறக்குபவர்கள் அவசரப்படுகிறார்கள். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார். கல்லாவில் இருக்கும் பையன் டெலிவரி சலானின் பின்பக்கத்தில் கோழி கிறுக்கியதுபோல ஒரு கையெழுத்தைப் போட்டுத் தருகிறான். பெயர் இல்லை, தேதி இல்லை, கடை முத்திரை இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, ‘இந்தச் சரக்கு எங்களுக்கு வரவே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது நம் கையில் இருப்பது அந்தக் கிறுக்கல்தான். லாரி ரசீதும் இ-வே பில்லும் சரக்குக் கிளம்பியதைக் காட்டும். சேர்ந்ததைக் காட்டுவது பெற்றவரின் பெயர், தேதி, முத்திரை ஆகிய மூன்றும் உள்ள சலான். ஓட்டுநரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். மூன்றும் இல்லாத சலானைத் திருப்பிக் கொண்டுவந்தால், அன்றே வாங்குபவருக்கு, ‘உங்கள் கடைக்கு இன்ன பில் எண்ணில் இன்ன சரக்கு இன்று வந்து சேர்ந்தது’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

சேர்ந்த தேதிக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், சட்டத்தின் கடிகாரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. சரக்கைப் பெற்ற 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், பெற்ற நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. பணம் கேட்கப் போகும்போது மட்டும், ஆறு மாதத்துக்குப் பிறகு, ‘அதில் பாதி சரக்கு சரியில்லை’ என்று சொல்வது நம் சந்தையில் மிகப் பழைய தந்திரம். எழுத்து இல்லாத அந்தக் குறைக்கு இந்தச் சட்டத்தில் வலுக் குறைவு. மாறாக, 15 நாளுக்குள் உண்மையிலேயே எழுத்தில் குறை வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. குறையைச் சரிசெய்த நாளே ஏற்பு நாளாகும் என்பதால், மாற்றிக் கொடுத்தோம், சரிசெய்தோம் என்பதற்கும் எழுத்து வேண்டும்.

பில்லின் அடியில் பழைய அச்சகம் போட்டுக்கொடுத்த வாசகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்வரும் பொருளில் நான்கு வரி சேர்க்கலாம்: ‘நாங்கள் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற குறு நிறுவனம், பதிவு எண் இது. சரக்கில் குறை இருந்தால் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். தொகையை இன்ன தேதிக்குள் செலுத்தவும். தவறினால் சட்டப்படியான வட்டி சேரும்.’ இந்த வரிகளை ஆர்டர் கடிதத்திலேயே வாங்குபவரின் கையெழுத்தோடு பெற்றுவிட்டால் இன்னும் நல்லது. ‘மதுரை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று பில்லில் நாமாக அச்சிட்டுக்கொள்வதை எதிர்த்தரப்பு மறுக்கலாம். அவரே கையெழுத்திட்ட ஆர்டரில் அது இருந்தால் மறுப்பது கடினம்.

வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரும் ஆவணம்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆகவே அந்தக் கைப்பேசியை மாற்றும்போது உரையாடலை அழித்துவிடாமல், பில் எண் வாரியாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமித்து வைக்க வேண்டும். ‘நமக்குள்ள எதுக்கு அண்ணாச்சி எழுத்து?’ என்று வாங்குபவர் கேட்டால் முகத்தை முறிக்க வேண்டியதில்லை. ஆடிட்டர் கேட்கிறார் என்று சொன்னால் போதும். பழியைத் தாங்கிக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுக்கிறோம்.

கெடுவும் வட்டியும்

எழுத்தில் கெடு எதுவும் பேசாவிட்டால், ஏற்பு நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் பேசியிருந்தால் பேசிய நாள். ஆனால் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. 90 நாள் என்று இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும், சட்டத்தின் முன் அது 45 நாள்தான். கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டப்படும் வட்டிக்கு வட்டியாக ஏறும். 2023 பிப்ரவரி முதல் 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75 விழுக்காடாக இருந்தது. மூன்று மடங்கு 20.25. அந்தக் காலத்தில் 4 லட்ச ரூபாய் பாக்கி ஓராண்டு நின்றிருந்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ 89,000 ரூபாய். வாங்குபவர் இந்த வட்டியைத் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

வட்டியைவிட வேகமாக வேலை செய்வது வரிச் சட்டம். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகச் சேர்ந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாங்குபவரின் கணக்கர் தாமாகவே நம் உத்யம் சான்றிதழைக் கேட்டால், காரணம் இதுதான். ஜிஎஸ்டி சட்டத்திலும் ஒரு பிடி உண்டு: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த கழிவை) வட்டியோடு திருப்ப வேண்டும். உத்யம் பாதுகாப்பு இல்லாத வியாபாரிக்கும் இது பொருந்தும். நினைவூட்டுக் கடிதம் எழுதும்போது, மிரட்டும் தொனி இல்லாமல், இந்த இரண்டு விதிகளையும் குறிப்பிட்டு, நகலை அவர்களின் கணக்குப் பிரிவுக்கும் அனுப்புங்கள். கொள்முதல் மேலாளர் மாதக்கணக்கில் நகர்த்தாத கோப்பைக் கணக்கர் நகர்த்திவிடுவார்.

வாங்குபவர் 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனமாகவோ மத்திய பொதுத்துறை நிறுவனமாகவோ இருந்தால், டிரெட்ஸ் எனப்படும் பில் தள்ளுபடித் தளங்களில் அது சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. அங்கே ஏற்கப்பட்ட பில்லை வங்கிக்கு விற்றுச் சில நாளில் பணமாக்கலாம். வாங்குபவர் பிறகு தவறினால் வங்கி நம்மிடம் திரும்பி வராது. பெரிய நிறுவனத்துக்குச் சரக்குப் போடுபவர்கள் வழக்கைப் பற்றி நினைக்கும் முன் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று ஆண்டு எல்லை

காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு. கடன் காலம் பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும், பேசாவிட்டால் சரக்கைக் கொடுத்த நாளிலிருந்தும் கணக்கு. ‘நீண்ட நாள் பழக்கம்’ என்று காத்திருந்து மூன்றாம் ஆண்டையும் கடந்துவிடுவதுதான் நடைமுறையில் மிகுந்த இழப்பைத் தருகிறது. எல்லை முடிவதற்குள் வாங்குபவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும்; அவர் ஒரு பகுதித் தொகையைத் தந்து அதற்கு அவர் கையெழுத்திலோ கையொப்பத்திலோ பதிவு இருந்தாலும் அப்படியே. எனவே ஒவ்வொரு மார்ச் முடிவிலும், ‘எங்கள் பேரேட்டின்படி உங்கள் பற்றில் நிற்பது இவ்வளவு’ என்று கணக்கு உறுதிக் கடிதம் அனுப்பி, கையெழுத்தோடு திரும்பப் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். தகராறு இல்லாத காலத்தில் எல்லாரும் இதைச் சிரித்த முகத்தோடு போட்டுத் தருவார்கள். தகராறு வந்த பிறகு யாரும் தரமாட்டார்கள்.

வசதியாக்கல் மன்றம்

கடிதமும் நினைவூட்டலும் பலிக்காவிட்டால், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய, குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்கல் மன்றத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சியைப்போல மதுரைக்கும் மண்டல மன்றம் உண்டு. விற்றவர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே அதிகாரம். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. சூரத்துக்காரருக்கு எதிரான முறையீட்டை மதுரையிலேயே போடலாம் என்பதுதான் இந்தச் சட்டத்தின் ஆகச் சிறந்த ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். தொலைவு என்பது பலமுள்ளவரின் ஆயுதம். அது இங்கே பறிக்கப்பட்டிருக்கிறது.

முறையீட்டை ஒன்றிய அமைச்சகத்தின் இணையதளத்தில் உத்யம் எண்ணைக் கொண்டு பதிவு செய்ய வேண்டும். ஆர்டர், பில், முத்திரையிட்ட சலான், பேரேட்டு நகல், எழுதிய கடிதங்கள், வட்டிக் கணக்கு ஆகியவற்றை ஏற்ற வேண்டும். பில் வாரியாக ஒரே பட்டியல் போட்டு, சேர்ந்த நாள், கெடு நாள், வந்த தொகை, நிற்கும் தொகை என்று கட்டம் கட்டி முதல் பக்கமாக வையுங்கள். கத்தை கத்தையாகப் பில்லைக் கொடுத்துவிட்டு மன்றமே கூட்டிக்கொள்ளட்டும் என்று விடுபவர்களின் கோப்புதான் தேங்குகிறது. விண்ணப்பத்தில் தடுமாற்றம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் வழி கேட்கலாம். மதுரை மாவட்டச் சிறு தொழில்முனைவோர் சங்கமான மடீட்சியா, 1924இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் போன்ற அமைப்புகளில் உறுப்பினராக இருப்பவர்கள் அங்கும் ஆலோசனை கேட்கலாம்.

மன்றம் முதலில் சமரசத்துக்கு அழைக்கும். இந்தக் கட்டத்தை வெறும் சடங்காக எண்ணக் கூடாது. எதிர்த்தரப்பு ஏறி வரும் வட்டியைப் பார்த்துப் பயப்படுவதும் இங்கேதான், அசலைத் தவணையில் தருவதாக இறங்கி வருவதும் இங்கேதான். முழு அசலும் இரண்டு மூன்று தவணையில் உறுதியாக வருமென்றால் வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது நட்டமில்லை. ஆனால் ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெற்று, ஒரு தவணை தவறினாலும் முழு வட்டியோடு மொத்தமும் உடனே தர வேண்டும் என்ற வரியைச் சேர்த்துவிட வேண்டும். சமரசம் முறிந்தால் மன்றமே நடுவராக இருந்து தீர்க்கும், அல்லது வேறொரு நடுவர் அமைப்பிடம் ஒப்படைக்கும். 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கெடு தவறுவதே வழக்கம் என்பதால், பணத் திட்டத்தை அந்த 90 நாளை நம்பிப் போடாதீர்கள்.

தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தால், அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டியாக வேண்டும். அதில் ஒரு பகுதியை வழக்கு முடியும் முன்பே விற்றவருக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இந்தக் கட்டுத்தொகையைத் தவிர்க்கச் சில நிறுவனங்கள் நேராக உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுப் போடுகின்றன. அப்படிப் போடலாமா என்ற கேள்வியை உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அத்தகைய மனு வந்தால், நம் பதிலைச் சொல்ல ஒத்தக்கடைப் பக்கம் உள்ள உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனால் போதும். 2004 ஜூலை 24இல் அந்தக் கிளை தொடங்கும் வரை, தென்மாவட்டத்துக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு இரவு ரயில் ஏற வேண்டியிருந்தது. தொழில் வளர்ச்சிக்கு நீதிமன்றக் கட்டடம் என்ன செய்யும் என்று கேட்பவர்கள், ஐம்பதாயிரம் ரூபாய் பாக்கிக்காக ஒருவர் அந்த ரயிலில் எத்தனை முறை போயிருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மன்றத்துக்குப் போக முடியாதவர்கள்

வியாபாரிகளுக்கும், பதிவு இல்லாத காலத்துப் பாக்கிக்கும் மற்ற வழிகள் உள்ளன. கையில் காசோலை இருந்து அது பணமில்லாமல் திரும்பினால் கெடுக்கள் இறுக்கமானவை. காசோலைத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும்; திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும்; நோட்டீஸைப் பெற்றவருக்குப் பணம் தர 15 நாள்; அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நாம் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கேயே வழக்கு. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடு தர உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தேதியும் தொகையும் இல்லாத வெற்றுக் காசோலையை வாங்கி இரும்புப் பெட்டியில் வைப்பதைவிட, எந்தப் பில்லுக்கு எந்தக் காசோலை என்று குறிப்பிட்ட ஒரு முகப்புக் கடிதத்தோடு பின்தேதியிட்ட காசோலை வாங்குவது எவ்வளவோ மேல்.

காசோலையும் இல்லாவிட்டால் உரிமையியல் வழக்குத்தான். தொகை 3 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் அது வணிக வழக்கு. அவசரத் தடை கேட்காத வழக்குகளில், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக முன்சமரசத்துக்குப் போய்வராமல் தாக்கல் செய்ய முடியாது என்று உச்சநீதிமன்றம் 2022இல் உறுதி செய்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் சுருக்க விசாரணை முறையில் வழக்குப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதில் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் எதிர்வாதமே செய்ய முடியாது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது, ஆகவே கட்டணத்துக்கு அஞ்சி நின்ற காலம் போய்விட்டது. வழக்கு லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்தக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு கைக்கு வந்ததும் பணம் வந்துவிடாது. தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதை வாங்கியவரின் சொத்தோ வங்கிக் கணக்கோ இருக்கும் எல்லையிலுள்ள நீதிமன்றத்தில் போடுவதே வேகம். அதனால், வாங்குபவர் எந்த வங்கி மூலம் முன்பு பணம் அனுப்பினார், கிடங்கு யார் பெயரில் இருக்கிறது, அவர் யாரிடமிருந்து வசூலிக்க வேண்டியவர் என்ற விவரங்களை நல்லுறவாக இருக்கும்போதே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியது ஒரு கம்பெனியாக இருந்து, அது நொடித்துப்போய்த் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால், கம்பெனிக்கு எதிரான மற்ற வழக்குகள் நின்றுவிடும். சரக்குப் போட்டவர் தாமே அந்த நடவடிக்கையைத் தொடங்க வேண்டுமானால், 2020 மார்ச் முதல் பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும்; சிறு பட்டறைகளுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டதுதான். ஆனால் வேறொருவர் தொடங்கிய நடவடிக்கையில் எவ்வளவு சிறிய பாக்கிக்கும் உரிமை கோரலாம். பொது அறிவிப்பில் குறித்த நாளுக்குள், திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு வல்லுநரிடம் கோரிக்கைப் படிவத்தைப் பில், சலான், கணக்கு உறுதிக் கடிதத்தோடு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். திரும்பிய காசோலை வழக்கு நிலுவையில் இருந்தால் அதைக் கைவிட வேண்டாம்: கம்பெனிக்கு எதிராக அது நின்றாலும், காசோலையில் கையெழுத்திட்ட இயக்குநருக்கு எதிராகத் தொடரலாம் என்று உச்சநீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது.